ஸ்பானிஷில் பி.ஏ.: ஒரு மொழிக்கு மூன்று வருடம் எதற்கு?

பிளஸ் டூ முடித்துவிட்டேன், ஸ்பானிஷ் மொழியில் பி.ஏ. சேர ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவோ, "ஒரு மொழியைக் கத்துக்க மூணு வருஷமா? ஆறு மாசம் கிளாஸுக்குப் போனா வராதா? முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் பேசக் கற்பதற்கும் ஸ்பானிஷில் பட்டம் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்பது ஒன்று. அந்த வித்தியாசத்துக்காக மூன்று வருடம் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும், இரண்டாவதற்கு ஓரளவுதான். நான் டெல்லியில் ஸ்பானிஷில் பி.ஏ., எம்.ஏ. படித்தவன். பல வருடங்களாகக் கற்பித்தும் மொழிபெயர்த்தும் வருகிறேன். வகுப்பறைக்குள் நடப்பது நன்றாகத் தெரியும், படித்தவர்கள் பிறகு எங்கே போகிறார்கள் என்பதும் கொஞ்சம் தெரியும். கட்டணம், விசா விதிகள் போன்றவை வருடா வருடம் மாறுபவை. அவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகமும் தூதரகமும் வெளியிடும் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பேசவும் எழுதவும் வந்தால் போதும் என்றால் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆறு மாதம் மட்டும் போதாது. அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள தன் அதிகாரிகள் ஸ்பானிஷில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. வீட்டில் செய்யும் பயிற்சி அதில் சேராது. வேறு படிப்போடு சேர்த்து வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் அங்கே போய்விடலாம். ஸ்பெயின் அரசு 1991-ல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் என்ற மொழிக் கல்வி நிறுவனத்துக்கு டெல்லியில் ஒரு மையம் இருக்கிறது, இணைய வழியிலும் கற்பிக்கிறார்கள். டெலே என்ற தேர்வு எழுதினால் உலகம் முழுக்க ஏற்கும் சான்றிதழ் கிடைக்கும், அது காலாவதி ஆவதில்லை. ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படிகள். நடுவில் இருக்கும் பி2-வைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். அதில் வாசிப்புக்கு 70 நிமிடம், கேட்டலுக்கு 40, எழுத்துக்கு 80, அப்புறம் நேரில் பேச்சு. வாசிப்பும் எழுத்தும் ஒரு ஜோடி, கேட்டலும் பேச்சும் இன்னொரு ஜோடி. இரண்டிலுமே 50-க்கு 30 வாங்க வேண்டும், ஒன்றில் அள்ளி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. பி.காம். படித்துக்கொண்டே பி2 முடித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வேலைச் சந்தையில் அவர்களுக்கு நல்ல மதிப்பு.

சரி, அப்படியானால் பி.ஏ.யில் என்னதான் படிப்பார்கள்?

முதல் வருடம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் சேரலாம். இந்தியாவில் இந்தப் பட்டப்படிப்புகள் அப்படிப்பட்ட மாணவர்களை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. வாரம் முழுக்க இலக்கணம், உச்சரிப்பு, கேட்டல், எழுத்து என்று இடைவெளியே இருக்காது. தமிழ் பேசுபவர்களுக்கு இதில் சில இடங்கள் சுலபமாக வரும். வினைச்சொல்லின் விகுதியே செய்வது நானா நீயா என்று சொல்லிவிடுவதால் எழுவாயை விட்டுவிடலாம். நாம் 'வந்தேன்' என்று மட்டும் சொல்வது மாதிரிதான். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷிலும் காபியை எழுவாயாக வைத்து, 'எனக்கு' என்று தொடங்கித்தான் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாக யோசிக்கிற மாணவர்கள் இந்த அமைப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். தமிழில் யோசித்தால் ஒரே நாளில் புரிந்துவிடும். கன்னியாகுமரிப் பக்கம் றகரத்தை அழுத்திச் சொல்லும் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷின் உருளும் ரகரம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

கஷ்டமான இடங்களும் உண்டு. மேசைக்கும் சுவருக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய மலை, சுப்ஹுந்தீவோ என்கிற வினை வடிவம். 'ஸ்பானிஷ் தெரிந்த ஒரு கணக்காளரைத் தேடுகிறேன்' என்று தமிழில் சொன்னால், குறிப்பிட்ட ஓர் ஆளை மனதில் வைத்துத் தேடுகிறேனா, அப்படி யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறேனா என்பது வாக்கியத்தில் தெரியாது. ஸ்பானிஷில் தெரியும். அந்த ஆள் நிஜமாக இருக்கிறார் என்றால் 'தெரிந்த' என்பதற்கு ஒரு வடிவம், இருக்கிறாரா என்றே தெரியாது என்றால் வேறு வடிவம். விருப்பம், சந்தேகம், பயம், இன்னும் நடக்காதது எல்லாம் இந்த இரண்டாவது வடிவத்தில் வரும். விதியை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் பேசும்போது தானாக வாயில் வர இரண்டு வருடம் பிடிக்கும். அதனால் முதல் வருட முடிவில் சரளமாகப் பேச வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

இரண்டாம் வருடம்தான் படிப்பின் முகம் மாறும். பாடப் பகுதி ஒன்றைக் கொடுத்து, அதைப் பிரித்துப் பார்த்து ஸ்பானிஷிலேயே விளக்கம் எழுதச் சொல்வார்கள். கோமெந்தாரியோ தெ தெக்ஸ்தோ என்று பெயர், ஸ்பானிஷ் உலகத்துப் பல்கலைக்கழகங்களில் எங்கும் உள்ள பயிற்சி இது. சானட் என்ற கவிதை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14 வரி, ஒவ்வொரு வரியிலும் 11 அசை. ஆனால் விரல் விட்டு எண்ணினால் 13 வரும், 14 வரும். ஒரு சொல் உயிரொலியில் முடிந்து அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் இரண்டும் ஒன்றிப்போய் ஓரசையாகும். வரியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வடநாட்டு மாணவர்கள் திணறும் இந்த இடத்தில், பள்ளியில் நேரசை நிரையசை பிரித்து, 'நாடு' என்ற சொல்லின் உகரம் உயிர் வந்தால் விட்டு ஓடும் என்று படித்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தப் பதினோரசை ஸ்பானிஷுக்குச் சொந்தமானதும் அல்ல. 1526-ல் கிரனாதா நகரத்தில் வெனிஸ் தூதர் நவஹேரோ, ஹுவான் போஸ்கான் என்ற கவிஞரிடம், இத்தாலிய யாப்பில் உங்கள் மொழியிலும் எழுதிப் பாருங்களேன் என்றார். போஸ்கான் எழுதினார், அவருடைய நண்பர் கார்சிலாசோ தெ லா வேகா அவரையும் தாண்டி எழுதினார். கார்சிலாசோ போரில் காயம்பட்டு 1536-ல் இறந்துவிட்டார். அவர்கள் இருவர் கவிதைகளையும் 1543-ல் போஸ்கானின் மனைவி அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய வருடம் போஸ்கானும் போய்விட்டார். அடுத்த நூறு வருடத்து ஸ்பானிஷ் கவிதை இந்த வழியில்தான் நடந்தது. ஒரு வரியின் அசையை எண்ண ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்துவிடுவோம். மொழிப் பயிற்சி வகுப்பில் இதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

என்னைக் கேட்டால், படிப்பின் உயிர் வரலாறும் பண்பாடும் சேர்ந்த தாள்களில் இருக்கிறது. ஸ்பானிஷ் என்றால் காளைச் சண்டை, ஃப்ளமெங்கோ, கால்பந்து என்று நினைத்து வருபவர்கள் இங்கே வேறு ஒன்றைச் சந்திப்பார்கள். ஒரு பேரரசு தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட மொழி இது. 1550-51-ல் வய்யாதொலித் நகரத்தில், அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் மேல் போர் தொடுப்பது நியாயமா என்று பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற பாதிரியாரும் செபுல்வேதா என்ற அறிஞரும் வாதாடினார்கள். அடுத்த வருடமே லாஸ் காசாஸ், ஸ்பானியர்கள் அங்கே செய்த கொடுமைகளைத் தொகுத்து அச்சிட்டார். தோற்கடிக்கப்பட்டவர்களும் அதே மொழியில் பதில் எழுதினார்கள். பெருவில் குவாமான் போமா என்ற பழங்குடி மனிதர் 1615-ஐ ஒட்டி ஸ்பெயின் அரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிட்டத்தட்ட 1200 பக்கம், அதில் 398 கோட்டோவியங்கள். நில அளவைக்காரர், வரி வாங்கும் அதிகாரி, நெசவு நெய்யச் சொல்லிப் பெண்ணை அடிக்கும் பாதிரியார் என்று அவர் கண்ட ஒவ்வொருவரையும் வரைந்து வைத்திருக்கிறார். அவருடைய ஸ்பானிஷில் இலக்கணம் தடுமாறும், நடுவில் கெச்சுவா மொழி பாயும். அந்தக் கைப்பிரதி கோபன்ஹேகன் அரச நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்து, 1908-ல்தான் ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டது. இன்று அந்த நூலகத்தின் இணையதளத்தில் முழுவதும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் இலக்கணம் தடுமாறுவதை மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் சீர்செய்திருப்பார். மூலத்தில் படிக்கும்போதுதான், தன் மொழியல்லாத மொழியில் நியாயம் கேட்க ஒரு மனிதர் பட்ட பாடு தெரிகிறது. இந்த இடத்துக்கு ஒரு மாணவியைக் கொண்டுவர மூன்று வருடம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

மொழி அரசியலும் இங்கே நமக்குத் தூரமான விஷயம் இல்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, கட்டலான், பாஸ்க், கலீசியன் மொழிகள் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டன. 1978 அரசமைப்பின் மூன்றாம் பிரிவு காஸ்தீயானோவை, அதாவது ஸ்பானிஷை, நாடு முழுமைக்கும் ஆட்சிமொழி ஆக்கி, மற்ற மொழிகளுக்கு அந்தந்தத் தன்னாட்சிப் பகுதிகளில் ஆட்சிமொழி இடம் கொடுத்தது. பராகுவாயில் 1992 அரசமைப்பு குவாரனி மொழியை ஸ்பானிஷோடு சமமாக ஆட்சிமொழி ஆக்கியது. பழங்குடி அல்லாத மக்களும் அங்கே வீட்டில் குவாரனி பேசுகிறார்கள். இந்தி எதிர்ப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த மாணவர்கள் இந்த வகுப்புகளில் கேட்கும் கேள்விகள் மிகக் கூர்மையாக இருக்கும்.

மூன்றாம் வருடத்தில் மொழியியல் கொஞ்சம் வரும், லத்தீன் அமெரிக்க இலக்கியம் நிறைய வரும். மெக்சிகோவில் 17-ஆம் நூற்றாண்டுத் துறவி சோர் ஹுவானா, பெண்ணுக்குப் படிக்கும் உரிமை உண்டு என்று 1691-ல் பிஷப்புக்கு எழுதிய பதிலிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் ருல்ஃபோ, போர்ஹெஸ், கார்சியா மார்கேஸ் வரை போகும். அர்ஜென்டினாவின் 1976-83 ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு தலைநகர் புவெனோஸ் ஐரெஸில் தாய்மார்கள் ஒவ்வொரு வியாழனும் ஒரு சதுக்கத்தைச் சுற்றி நடந்ததைப் பற்றியும் படிப்பீர்கள். மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் டெல்லியில் தூதராக இருந்தார். 1968 அக்டோபர் 2-ல் மெக்சிகோ நகரத்தில் ராணுவம் மாணவர்களைச் சுட்டபோது எதிர்ப்புத் தெரிவித்துப் பதவியை விட்டார். இந்தியாவில் ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கு அவர் வெறும் பாடப்புத்தகப் பெயர் இல்லை.

எங்கே படிப்பது என்றால், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவை பெயர் பெற்றவை. எல்லாமே மத்தியப் பல்கலைக்கழகங்கள். தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 2022 முதல் இளநிலைச் சேர்க்கைக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தாளைக் கேட்கிறது என்று அந்த வருடக் கையேட்டைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்காம் வருடமும் படிக்கும் வசதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உண்டு. தமிழ்நாட்டில் பிரெஞ்சுக்கு இருக்கும் அளவு கல்லூரிகள் ஸ்பானிஷுக்கு இல்லை, எனவே வீட்டை விட்டுப் போகத் தயாராக வேண்டும். நேராக ஸ்பெயினுக்கே போய் இளநிலை படிக்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அங்கே நான்கு வருடம். வகுப்பில் உட்காருபவர்கள் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், பாடமும் அவர்களுக்காகவே நடக்கும். இங்கே பி.ஏ. முடித்து, 1218-ல் தொடங்கிய சலமாங்கா பல்கலைக்கழகம் மாதிரி ஓரிடத்துக்கு முதுநிலைக்குப் போனால் செலவழிக்கும் பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும்.

இனி வேலை. உறுதியாகச் சொல்லக்கூடியவை: சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், குருகிராமில் உள்ள நிறுவனங்கள் வாடிக்கையாளர் சேவை, கொள்முதல், கணக்கு வழக்கு வேலைகளுக்கு ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கின்றன, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிடக் கூடுதல் சம்பளமும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெக்சிகோ நகரத்தில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 8.30. வருடக்கணக்கில் ராத்திரி ஷிஃப்ட் உடம்புக்கு ஆகாது. இன்னொரு விஷயம், ஸ்பெயின் உச்சரிப்பில் பழகிவிட்டு, சொல்லின் கடைசி சகரத்தை விழுங்கிவிடும் சிலி நாட்டுக்காரரின் அழைப்பை முதல்முறை எடுத்தால் ஒன்றுமே புரியாது. அதனால் முதல் வருடத்திலிருந்தே பல நாட்டுக் குரல்களைக் கேளுங்கள். ரேடியோ ஆம்புலாந்தே என்ற பாட்காஸ்ட் இதற்கு மிக நல்லது. சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை கிடைக்கிறது. எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஸ்பானிஷை எடுத்து எழுதித் தேறினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம், இடங்கள் குறைவுதான். பி.ஏ. என்பதால் குடிமைப் பணித் தேர்வு உட்பட எந்தப் பட்டதாரித் தேர்வும் எழுதலாம்.

சந்தேகத்துக்கு உரியது மொழிபெயர்ப்புத் தொழில். கையேடு, ஒப்பந்தம், மின்னஞ்சல் மாதிரியான சாதாரண மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரம் செய்கிறது. அதைச் சரிபார்க்கும் வேலைதான் எனக்கும் என் சக ஊழியர்களுக்கும் அதிகம் வருகிறது, பக்கத்துக்குக் கிடைக்கும் கூலியும் இறங்கிவிட்டது. பத்து வருடத்தில் இது எங்கே போய் நிற்கும் என்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். இலக்கிய மொழிபெயர்ப்பு வேறு கணக்கு. லத்தீன் அமெரிக்க இலக்கியத்தைத் தமிழ் வாசகர்கள் பல பத்தாண்டுகளாக விரும்பிப் படிக்கிறார்கள், ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக வந்தவை. நேராக ஸ்பானிஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்கள் மிகக் குறைவு. அதில் வருமானம் சொற்பம், ஆனால் அந்த வேலைக்கு ஆள் தேவை. நான் மாணவர்களிடம் விடாமல் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முடிவு உங்கள் ஆசை எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஒரு மொழி வேண்டும், வாசிப்பில் பெரிய ஈடுபாடு இல்லை என்றால், பிடித்த வேறு பட்டத்தோடு பி2 வாங்குங்கள், அப்பா சொல்வதே சரி. கதை, கவிதை, வரலாறு என்றால் நேரம் போவது தெரியாமல் படிப்பவர், இருபது நாடுகள் எப்படி வாழ்ந்தன என்று அவர்கள் மொழியிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர் என்றால், தயங்காமல் சேருங்கள். இடைப்பட்ட நிலையில் இருந்தால் ஒரு சோதனை உண்டு: சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் இரண்டாம், மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தை இறக்கி, தாள்களின் பெயர்களை வாசியுங்கள். முதல் வருடத்தைப் பார்க்க வேண்டாம், அது எல்லோருக்கும் பிடிக்கும். மற்ற இரண்டு வருடத்துத் தாள்களில் பாதியாவது ஆர்வத்தைக் கிளப்பினால் அதுவே போதிய விடை.

சேர்ந்துவிட்டால் இரண்டு காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் வருடத்துக்குள் டெலே பி2 எழுதிவிடுங்கள். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலைப் பார்த்து உங்கள் மொழித் திறனை நிறுவனங்களால் கணிக்க முடியாது. விருப்பப் பாடமாகப் போர்த்துகீசியம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு அதில் வாசிப்பு சில மாதங்களில் வந்துவிடும், பிரேசில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் நிறுவனங்கள் இரண்டும் தெரிந்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுகின்றன.